வாசல்வரை வந்து திரும்பிய கப்பல்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அண்மைய ஆண்டொன்றின் ஜனவரி கடைசியில், பயணிகள் கப்பலொன்று திருகோணமலைத் துறைமுகத்தின் வாசல்வரை வந்து, கடல் கொந்தளிப்பால் உள்ளே நுழையாமலே போய்விட்டது. அன்றைய தினத்துக்காகக் கரையில் வான்களும் வழிகாட்டிகளும் சமையல் குழுவொன்றும் காத்திருந்தன. அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் தன் கணக்குக் கொப்பியையும் தொலைபேசிச் செய்திகளையும் என்னிடம் காட்டினார். வான்காரர்கள், சமையல் குழுப் பெண்கள், மீனவர்கள் சிலரோடும் பேசினேன். ஆட்களின் பெயரோ நிறுவனங்களின் பெயரோ கப்பலின் பெயரோ இதில் வராது.

கப்பல் வருமென்று நம்பிக் கைக்காசு போடுகிறவர்கள் எங்கள் ஊரில் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று திருகோணமலையைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். அது பொய்யில்லை. பாய்மரக் காலத்தில், ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சென்னைக் கரையில் கப்பல்கள் நிற்க முடியாது. அந்த மாதங்களில் ஒரு கடற்படை முழுவதும் வந்து ஒதுங்கக்கூடிய இடமாக இது இருந்தது. 1782இல் பிரெஞ்சுக்காரர் இதைப் பிடித்ததற்கும், 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்ததற்கும் அந்த ஒதுக்கிடமே பெரிய காரணம்.

ஆனால் அந்தப் பெருமை உட்துறைமுகத்துக்கு உரியது. உள்ளே வந்துவிட்ட கப்பலுக்குப் பயமில்லை. உள்ளே வருகிற வழி கொட்டியாரக் குடா வழியாகப் போகிறது. அந்தக் குடா வடகிழக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மகாவலி வந்து விழுகிற அந்தக் குடாவுக்குள் பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று புகுந்து கிடப்பதால், நடுப்பகுதியில் ஆழம் மிக அதிகம். காற்று அடங்கும்வரை நங்கூரம் போட்டுவிட்டு இருப்போம் என்றால் எல்லா இடத்திலும் முடியாது.

அடுத்த சிக்கல் காலம். ஐரோப்பாவிலும் வடக்கு நாடுகளிலும் குளிர்காலம் வரும்போதுதான் பெரிய பயணக் கப்பல்கள் ஆசியப் பக்கம் திரும்புகின்றன. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை அவற்றின் காலம். கொழும்பிலும் காலியிலும் அப்போது கடல் அமைதி. எங்களுக்கோ டிசம்பரிலிருந்து பெப்ரவரிவரை வாடைக்காலம். மழையும் காற்றும் கடற்பெருக்கும் சேர்ந்து வருகிற மாதங்கள். மே தொடங்கிச் செப்டெம்பர்வரை தென்மேற்குக் கடல் குமுறும்போது எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகள் நிரம்புவது அந்த மாதங்களில்தான். ஆகவே கொழும்பை மையமாக வைத்து நாள் குறிக்கிற கப்பல், திருகோணமலைக்கு வரும்போது எங்கள் கடல் மோசமாக இருக்கிற நாளில் வந்து நிற்கும். இது தற்செயல் இல்லை. இந்த நிகழ்வில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கால முரண்தான்.

ஏற்பாடு

பொறுப்பாக இருந்தவர் நாற்பது வயது கடந்த ஒரு பெண். பல வருடங்கள் விடுதியொன்றில் வேலை செய்துவிட்டுத் தனியாகச் சிறிய சுற்றுலா ஏற்பாடுகளை நடத்துகிறார். இனி அவரை ஒருங்கிணைப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன். கொழும்பிலுள்ள ஒரு சுற்றுலா நிறுவனம் கப்பல் கம்பனியிடம் வேலையை எடுத்து, கரையில் செய்ய வேண்டியதை இவரிடம் கொடுத்திருந்தது.

கப்பல் காலையில் உட்துறைமுகத்துக்குள் வந்து நங்கூரமிடும். சிறிய படகுகளில் பயணிகள் இறங்குதுறைக்கு வருவார்கள். சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தவர்கள் 160 பேர். பிரெட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, பிறகு நிலாவெளி வீதியில் ஒரு மண்டபத்தில் ஊர்ச் சாப்பாடு என்பது திட்டம். அதற்கு 16 வான்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களிலிருந்தும் வான்கள் வர வேண்டியிருந்தது.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்கும் ஒரு குழுவை அனுப்பலாமா என்று நிறுவனம் கேட்டிருந்தது. வாடைக்காலத்தில் நிலாவெளிப் படகுக்காரர் அங்கே போவதில்லை என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். காசு வருகிற வேலையைக் கைவிடுவது சிறிய தொழில் செய்கிறவருக்கு லேசு இல்லை. அந்த மறுப்பு சரியான மறுப்பு.

ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு மின்னஞ்சல் மட்டும். தலைக்கு இவ்வளவு, முற்பணம் 20 வீதம், மீதி வேலை முடிந்து 30 நாளில். கப்பல் வராவிட்டால் என்ன என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வான்காரரோடு எழுத்தில் எதுவுமே இல்லை. நாள் ஹயர் 20,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. எங்கள் ஊரில் பெரும்பாலான வேலைகள் இப்படித்தான் நடக்கின்றன.

மூன்று நாள் முன்னிருந்து

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் தாழமுக்கம் உருவாகியிருப்பதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்புவரையான கடற்பரப்பு கொந்தளிப்பாக இருக்கும் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாழமுக்கம் எங்கள் கரைக்கு வரவில்லை, தூரத்திலேயே நின்றது. அதனால் நகரத்தில் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். “கப்பலின் பயணத்தில் மாற்றம் எதுவும் இல்லை” என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வழமையாக நடப்பது அப்படித்தான்: துறைக்குள் போவதா இல்லையா என்பதைக் கப்பல் தலைவர் அந்த இடத்துக்கு வந்து பார்த்தே முடிவெடுப்பார். ஆனால் ‘இன்னும் ரத்தாகவில்லை’ என்பதும் ‘நிச்சயம் வரும்’ என்பதும் தொலைபேசியில் ஒரே மாதிரிக் கேட்கின்றன. கரையில் இருக்கிறவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு தேங்காய் வாங்கப் போய்விடுகிறார்.

இவர் அப்படி விட்டுவிடவில்லை. திருக்கடலூரில் தனக்குத் தெரிந்த வயதான மீனவரைப் போய்க் கேட்டார். அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறார்: “காத்து நாளைக்குக் குறையலாம் பிள்ளை. கடல் குறையாது. தூரத்துக் கடல் வந்துகொண்டிருக்கு.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கத்தில் வீசுகிற காற்று எழுப்பும் அலை குட்டையானது. காற்று விழுந்தால் அதுவும் சில மணித்தியாலங்களில் அடங்கும். தூரத்துத் தாழமுக்கம் எழுப்பிய அலை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து, நீளமாக, இடைவெளி விட்டு வரும். கரையில் இலை அசையாத நேரத்திலும் அது வரும். கடல் முன்னறிவிப்புத் தளங்களில் அலையின் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான வினாடிகளும் போட்டிருக்கும். உயரம் சிறிதாகத் தெரிந்தாலும் அந்த வினாடிக் கணக்கு பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அந்தத் தளங்கள் தருகிற உயரம், உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான். இடைக்கிடை அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரமான அலையும் வரும்.

முதல் நாள் மாலை

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். எதை இப்போதே செய்வது, எதை நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

கிண்ணியாவில் சொல்லியிருந்த எருமைத் தயிர் 40 சட்டி ஏற்கனவே உறைக்கு வைத்தாகிவிட்டது; நிறுத்த வழியில்லை. அரிசியும் பருப்பும் காய்கறியும் வாங்கியாகிவிட்டது. கெட்டுப்போகிற பொருள் அல்ல. கடலுக்கு மூன்று நாளாக ஆட்கள் போகாததால் கடல் மீன் கிடைக்கவில்லை. கோழிக் கறி என்று மாற்றினார்கள். கோழிக் கடைக்காரரிடம், காலை எட்டு மணிக்குச் சொன்ன பிறகு உரித்தால் போதும் என்று பேசி வைத்தார்கள். அவர் சம்மதித்தார்.

அடுப்பு மூட்டுகிற நேரத்தை ஒருங்கிணைப்பாளர் பைலட்டோடு முடிச்சுப் போட்டார். துறைக்குள் வழி காட்டுகிற துறைமுகப் பைலட் கடலில் வைத்துக் கப்பலில் ஏறினால்தான் கப்பல் உள்ளே வரும். அவர் ஏறினார் என்று தெரிந்த பிறகே அடுப்பு. பைலட் ஆறரைக்கு ஏறுவார், சாப்பாடு ஒரு மணிக்கு. இடையில் ஆறரை மணித்தியாலம் இருக்கிறது.

சமையல் குழுவின் மூத்த பெண் இதை ஏற்கவில்லை. “தேங்காய் திருவவே ரெண்டு மணித்தியாலம் போகும். 160 பேருக்கு அவசரத்தில சமைச்சா பேர் கெட்டுப்போகும் தங்கச்சி” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாதித் தேங்காயை விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவத் தொடங்குவது, மற்றதைத் தொடாமல் வைப்பது என்று முடிவானது.

வான்களை இப்படித் தள்ளிப்போட முடியவில்லை. கந்தளாயிலிருந்து வருகிறவர் ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். எட்டு வான்களை மட்டும் எடுத்து இரண்டு தடவை ஓட்டலாமா என்றும் யோசித்தார்கள். படகுகளில் ஆட்கள் அடுத்தடுத்து வந்து இறங்கும்போது பாதிப் பேரை வெயிலிலோ மழையிலோ நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தினால் அடுத்த கப்பலுக்கு இந்த வேலை கிடைக்காது. ஆகவே 16 வான்களையும் வரச் சொன்னார். வான்காரர் பலர் அந்த நாளுக்கு வந்த வேறு ஹயர்களை விட்டிருந்தார்கள். கிண்ணியாக்காரர் ஒருவர் கட்டுநாயக்க விமான நிலைய ஹயரையே விட்டவர். “கப்பல் சந்தேகமா இருக்கு நானா” என்று ஒருங்கிணைப்பாளர் இரவு எடுத்துச் சொன்னபோது, “விட்ட ஹயர் இனி வராது தங்கச்சி, நான் வாறன்” என்றாராம்.

அந்தக் காலை

இரண்டு வழிகாட்டிகள் ஐந்தரைக்கே கோணேசர் மலைக்குப் போய்விட்டார்கள். காற்று முதல் நாளைவிடக் குறைந்திருந்தது. மழை இல்லை. ஆறு மணியளவில் கப்பலின் விளக்குகள் தெரிந்தன. மண்டபத்தில் தேங்காய் திருவல் நடந்துகொண்டிருந்தது. இறங்குதுறைக்குப் போகும் வீதியில் வான்கள் வரிசையாக வந்து நின்றன.

6.40 மணியளவில் பைலட் படகு கப்பலை நெருங்கியது. மலையிலிருந்து பார்த்தவர் சொன்னது: படகு கப்பலின் பக்கத்தோடு ஒட்டும், எழும்பும், சட்டென்று கீழே போகும், விலகும். கால் மணித்தியாலத்துக்கு மேல் இது நடந்தது. கப்பல் மெதுவாகத் திரும்பி வேறு பக்கத்தைக் காட்டியது; படகு மறுபடி நெருங்கி மறுபடி விலகியது. ஏழரைக்குப் பிறகு படகு துறைமுகத்தை நோக்கி வரத் தொடங்கியது. 7.50க்கு மலையிலிருந்து அழைப்பு: “கப்பல் மூக்கைத் திருப்பிட்டுது அக்கா.”

ஒருங்கிணைப்பாளர் முதலில் கோழிக் கடைக்கும் அடுத்ததாக மண்டபத்துக்கும் தொலைபேசி எடுத்தார். கோழி உரிக்கவில்லை, பைலட் ஏறுமுன்பே அடுப்பில் பருப்பு மட்டும் ஏறியிருந்தது. கொழும்பு நிறுவனத்தின் செய்தி அவருக்கு வந்தது 8.25க்கு. கப்பலிலிருந்து கப்பல் முகவருக்கும், முகவரிடமிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து மறுபடி திருகோணமலைக்கும் அந்தச் செய்தி போய் வந்திருந்தது. முகவரின் ஆள் நின்றது இறங்குதுறையில், வான்களிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

கப்பல் ஏன் திரும்பியது

வான்காரரின் கோபம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் உட்துறைமுகம் தெரியும். “தண்ணி தாம்பாளம் மாதிரிக் கிடக்கு, இதுக்குள்ள வர ஏலாதா?” என்று ஒருவர் கேட்டார். செலவை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே போய்விட்டார்கள் என்ற கதையும் அங்கேயே பிறந்தது. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை, ஏனென்று சொல்கிறேன்.

பைலட் கப்பலில் ஏறுவது கயிற்றேணியில். ஓடுகிற படகின் தளத்திலிருந்து, ஓடுகிற கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணிக்கு அவர் கால் மாற்ற வேண்டும். சர்வதேச விதியின்படி அந்த ஏணியில் ஏறும் உயரம் ஒன்பது மீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கப்பலின் படிக்கட்டோடு சேர்த்துப் போட வேண்டும். படகு அலையில் ஓரிரண்டு மீற்றர் எழும்பி விழுகிறபோது, ஏணியைப் பிடித்த மனிதரின் காலுக்குக் கீழே படகு விலகும். அடுத்த வினாடி அதே படகு மேலெழும்பி அவர் காலை அடிக்கும். பைலட்டுகள் இறந்துபோகிற விபத்துகள் உலகில் இப்படித்தான் நடக்கின்றன.

இதற்காகக் கப்பல் குறுக்காகத் திரும்பித் தன் உடம்பாலேயே காற்றை மறைத்து, படகுக்கு ஒதுக்குப் பக்கம் கொடுக்கும். அன்று கப்பல் திரும்பித் திரும்பிப் பார்த்தது அதற்காகத்தான். காற்றலை வடகிழக்கிலிருந்து வந்தது. தூரத்துக் கடல் தென்கிழக்கிலிருந்து வந்தது. ஒன்றுக்கு மறைத்தால் மற்றது அடிக்கும். அந்த மீனவர் சொன்னது இங்கே வந்து நின்றது.

பைலட் ஏறியிருந்தாலும் வேலை முடிந்திருக்காது. பயணக் கப்பலின் பக்கம் பல மாடிக் கட்டிடத்தின் உயரம். காற்று அதைத் தள்ளும். அந்தத் தள்ளு விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது: 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று 30 நொட்டானால் விசை இரு மடங்குக்கும் மேல். உட்துறைமுகத்தின் வாய் குறுகியது. வளைவில் மெதுவாகப் போகும்போதுதான் கப்பல் காற்றுக்கு அதிகம் வளைந்துகொடுக்கும். மாலையில் வெளியே போகும்போதும் பைலட்டை அதே கடலில் இறக்க வேண்டும்.

பாதுகாப்புக்காகக் கப்பல் தலைவர் எடுக்கும் முடிவைக் கப்பல் சொந்தக்காரர்கூடத் தடுக்கக்கூடாது என்பது சர்வதேசச் சட்டம். அன்று அவர் எடுத்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. இரண்டு தடவை முயன்றும் பார்த்திருக்கிறார். கரையில் இருக்கிற நாங்கள் கப்பல் தலைவரோடு கோபிப்பதில் பயனில்லை. கோபிக்க வேண்டிய இடம் வேறு. அது பணக் கணக்கில் வருகிறது.

பகல்

இறங்குதுறை வீதியில் மூதூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் நின்றது. எழுபது கடந்த ஓர் அம்மா, அவரின் மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அம்மாவின் தம்பி கனடாவில் இருக்கிறார். மனைவியோடு அந்தக் கப்பலில் வந்தவர். ஆறு மணித்தியாலம் கரையில் இருந்து, கோயிலுக்குப் போய், அக்காவோடு சாப்பிட்டுவிட்டு ஏறுவதாக ஏற்பாடு. கப்பல் கரைக்கு அண்மையில் நின்றதால் அவருடைய தொலைபேசிக்கு எங்கள் ஊர்க் கோபுரத்தின் சமிக்ஞை கிடைத்திருக்கிறது. கப்பல் விலகிச் சமிக்ஞை அறும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா கேட்டதெல்லாம், “சாப்பிட்டியா? கப்பல் ஆட்டத்தில தலை சுத்தேல்லையா?” என்பதுதான். தம்பி சென்னையில் இறங்கி, அடுத்த வாரம் விமானத்தில் கொழும்புக்கு வந்து மூதூருக்குப் போனதாகப் பிறகு அறிந்தேன். அந்தச் செலவு அவருடையது.

கப்பல் கம்பனிகள் பயணிகளோடு செய்யும் ஒப்பந்தத்தில், எந்தத் துறையையும் தவிர்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பொதுவாக எழுதியிருக்கும். கப்பல் வழியாக வாங்கிய சுற்றுலாவின் பணமும் துறைமுகக் கட்டணமும் வழமையாகத் திரும்பக் கிடைக்கும். தனியாகச் செய்த ஏற்பாடுகளுக்கு எதுவும் கிடைக்காது. உறவினர் கப்பலில் வருகிறார் என்று காத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்டபத்தில் பருப்பை இறக்கிச் சோறு மட்டும் வடித்து, வந்த வான்காரருக்கும் வழிகாட்டிகளுக்கும் சாப்பாடு கொடுத்தார்கள். திருவிய தேங்காயைப் பெண்கள் பங்கிட்டு எடுத்தார்கள். தயிர்ச் சட்டிகளை மண்டபத்து வாசலில் வைத்து வாங்கிய விலைக்கே விற்றார்கள். மாலைக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. சமையலில் நட்டம் சிறிது. முதல் நாள் மாலைப் பேச்சின் பலன் இது.

பணம்

வான்களின் கணக்கு வேறு. 16 வான்களுக்கும் பேசிய ஹயர் மொத்தம் 320,000 ரூபாய். ஒரு பயணியும் ஏறவில்லை. கொழும்பு நிறுவனத்தின் பதில்: பயணிகளுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது, எங்களுக்கும் வரவில்லை, எங்களால் தர முடியாது. அது அவர்களின் உண்மை நிலையாகவும் இருக்கலாம். ஆனால் பயணிக்குப் பணம் திரும்பியது. கப்பல் துறைமுகத்துக்குள் வராததால் அதற்குக் கட்டணம் இல்லை. கொழும்பு நிறுவனம் செலவழித்தது சில தொலைபேசி அழைப்புகள். டீசல் ஊற்றி, வேறு ஹயரை விட்டு, விடியற்காலையில் வந்து நின்றவர் வான்காரர்தான். பேரத்தில் கடைசியாக இருப்பவர் தலையில் முழு நட்டமும் இறங்குகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

ஒருங்கிணைப்பாளர் அன்று மாலையே ஒவ்வொரு வானுக்கும் 6,000 ரூபாய் கொடுத்தார், மொத்தம் 96,000. முற்பணத்தில் மிஞ்சியதோடு காப்பொன்றை அடகு வைத்துச் சேர்த்த காசு அது. “நானா, தம்பிமாரே, இது டீசலுக்கு மட்டும். மிச்சத்துக்கு நான் கொழும்போட கதைக்கிறன்” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் வாங்க மறுத்தார்கள், பிறகு வாங்கினார்கள். இந்தக் கொடுப்பனவு இல்லாவிட்டால் அடுத்த கப்பலுக்கு 16 வான் சேர்ந்திருக்காது என்பதைப் பலரும் என்னிடம் சொன்னார்கள்.

ஐந்து வாரமாக மின்னஞ்சல் போய் வந்தது. கடைசியில் டீசல் செலவையும் வழிகாட்டிகளின் அரைநாள் கூலியையும் நிறுவனம் ஏற்றது. விட்ட ஹயர்களுக்கு எதுவும் இல்லை.

எதை மாற்ற வேண்டும்

காத்திருப்புக் கட்டணம் என்ற ஒன்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது பெரிய தொகை இல்லை என்பதைக் கணக்காகவே காட்டலாம். கப்பல் வராத நாளில் ஒரு வானுக்கு 8,000 ரூபாய் கொடுப்பதாக வைப்போம். 16 வானுக்கு 128,000. ஒரு பருவத்தில் ஐந்து கப்பலில் ஒன்று தவறும் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், அந்தத் தொகையை வந்த நான்கு கப்பல்களில் பிரிக்க வேண்டும்: கப்பலுக்கு 32,000. அதை 160 பயணிகளால் பிரித்தால் தலைக்கு 200 ரூபாய். ஒரு அமெரிக்க டொலருக்கும் குறைவு. சுற்றுலாவின் விலையில் இதைக் கூட்டினால் எந்தப் பயணியும் கவனிக்கமாட்டார். ஒரு டொலரில் முடிகிற காரியத்துக்காக ஒரு குடும்பத்தின் நகை அடகுக்குப் போக வேண்டியதில்லை.

நேரத்தையும் எழுத்தில் போட வேண்டும். 72 மணித்தியாலத்துக்கு முன் ரத்தானால் ஒன்றும் வேண்டாம். முதல் நாள் ரத்தானால் ஒரு பங்கு. வான் புறப்பட்ட பிறகு என்றால் காத்திருப்புக் கட்டணம் முழுவதும். கப்பல் தலைவரால் முதல் நாளே உறுதி சொல்ல முடியாது என்பது உண்மை. அந்த நிச்சயமின்மைக்கு ஒரு விலை உண்டு என்பதைத்தான் ஒப்பந்தம் ஏற்க வேண்டும்.

செய்தி வருகிற வழியைக் குறுக்க வேண்டும். முகவரின் ஆள், ஒருங்கிணைப்பாளர், கொழும்பு மூவரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருந்தால் அந்த 35 நிமிடம் மிஞ்சும். அன்று மலையில் ஆள் நின்றதால் தப்பினார்கள். மழைநாளில் மலையிலிருந்து ஒன்றும் தெரியாது.

சமையலை பைலட்டோடு முடிச்சுப் போட்ட முறை அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை தயிரையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். கப்பல் வராவிட்டால் பாதிச் சட்டியை எடுத்துக்கொள்ள ஒரு கடையை முன்கூட்டியே பேசி வைத்தால் போதும்.

அப்புறம், நாட்காட்டி. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த பயணக் கப்பல், அம்பாந்தோட்டை, காங்கேசன்துறையோடு திருகோணமலைக்கும் வந்தது. எங்கள் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் கப்பல் வர முடியும் என்பதற்கு அது சாட்சி. பெரிய சர்வதேசக் கப்பல்களை ஜூனுக்கு இழுப்பது கடினம். ஆனால் மார்ச், ஏப்ரலுக்குத் தள்ளும்படி கேட்கலாம். அப்போது வாடை ஓய்ந்திருக்கும், திமிங்கிலம் பார்க்கிற காலமும் தொடங்கியிருக்கும். கொழும்பில் நாள் குறிக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியது நாங்கள்தான். அவர்களின் ஜன்னலிலிருந்து எங்கள் கடல் தெரியாது.

இப்போதைய நிலை

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் மூன்று பக்கம். முதல் நாள் ரத்தானால் ஒரு பங்கு தருவதையும், முகவரை வாட்ஸப் குழுவில் சேர்ப்பதையும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. காத்திருப்புக் கட்டணமாக வானுக்கு 8,000 கேட்டதற்கு 5,000 என்று நிற்கிறது. ஜனவரிக் கப்பல்களுக்கு 8,000, மார்ச்சுக்குப் பிறகு 5,000 என்று ஒருங்கிணைப்பாளர் மாற்று யோசனை அனுப்பியிருக்கிறார், பதில் வரவில்லை.

வான்காரர் 16 பேரும் சேர்ந்து, எழுத்தில் இல்லாத ஹயருக்கு இனி யாரும் போவதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கட்டுநாயக்க ஹயரை விட்ட கிண்ணியாக்காரர்தான் அந்தத் தாளை எழுதியவர். அதன் பிரதியொன்று கொழும்புக்கும் போயிருக்கிறது.